நாலு பக்கம் அளந்தால் போதுமா? பரப்பளவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னைத் தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். பரப்பளவுப் பாடம் வந்துவிட்டால் பிள்ளைகளைவிட அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர்தான் அதிகம் கேட்பார்கள். ஒருவருக்கு டைல்ஸ் போட வேண்டும், இன்னொருவர் மனை பார்த்து வைத்திருக்கிறார், வேறொருவர் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்க வேண்டும். அவர்கள் கேட்பதையும் பிள்ளைகள் கேட்பதையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சூத்திரத்தோடு அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதியிருக்கிறேன். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த சூத்திரம், டேப்பைப் பிடித்துக்கொண்டு மனையில் நிற்கும்போது கைகொடுக்காது.

பரப்பளவு என்றால் என்ன? சுற்றளவு வேறா?

ஒரு தரையை ஒரு அடிக்கு ஒரு அடி கட்டங்களால் சந்து விடாமல் நிரப்பினால் எத்தனை கட்டம் பிடிக்குமோ, அதுதான் அதன் சதுர அடி. 12 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள அறையில் ஒரு வரிசைக்கு 12 கட்டம் வரும். அப்படி 10 வரிசை. மொத்தம் 120. நீளத்தை அகலத்தால் பெருக்குவது இந்த எண்ணிக்கையைச் சீக்கிரம் முடிக்கும் வழி, அவ்வளவுதான்.

சுற்றளவு என்பது ஓரத்தின் நீளம். காம்பவுண்டு சுவர் கட்ட அது வேண்டும், தரை போடப் பரப்பளவு வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஜார்ஜ் டவுனிலும் முகப்பு குறுகி உள்ளே நீளமாகப் போகும் வீடுகள் நிறைய. 10 அடிக்கு 60 அடி மனை என்றால் 600 சதுர அடி, சுற்றளவு 140 அடி. அதே 600 சதுர அடி 24-க்கு 25 ஆக இருந்தால் சுற்றளவு 98 அடிதான். உள்ளே இடம் ஒன்றே, சுவர் மட்டும் 42 அடி கூட.

10 அடி 6 இன்ச் என்பதை 10.6 என்று போடலாமா?

கூடாது. ஒரு அடிக்கு 12 இன்ச். 6 இன்ச் என்றால் அரை அடி, அதாவது 10.5. இன்ச்சை 12-ஆல் வகுத்து அடியோடு கூட்ட வேண்டும். 10 அடி 6 இன்ச்சுக்கு 8 அடி 9 இன்ச் அறை என்றால் 10.5 × 8.75 = 91.9 சதுர அடி. கால்குலேட்டரில் 10.6 × 8.9 என்று தட்டினால் 94.3 வரும். ஒரு சின்ன அறைக்கே இரண்டரை சதுர அடி பிழை. மொபைலில் கணக்குப் போடும் பழக்கம் வந்தபிறகு நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு இதுதான்.

இன்னொன்று, ஒரு சதுர அடிக்கு 144 சதுர இன்ச். 12 அல்ல. நீளத்திலும் 12, அகலத்திலும் 12.

முக்கோணத்துக்கு மட்டும் ஏன் பாதி?

ஒரு செவ்வகக் காகிதத்தை மூலைக்கு மூலை வெட்டுங்கள். ஒரே அளவில் இரண்டு முக்கோணம் கிடைக்கும். ஆக ஒவ்வொன்றும் செவ்வகத்தில் பாதி. சாய்ந்த முக்கோணமாக இருந்தாலும் அப்படியே இன்னொன்றை வெட்டித் திருப்பி ஒட்டினால் ஒரு இணைகரம் கிடைக்கும், அதில் பாதி. எனவே ½ × அடிப்பக்கம் × உயரம்.

இந்த "உயரம்" என்ற சொல்லைத்தான் பிள்ளைகள் கவனிப்பதில்லை. அது சாய்ந்து நிற்கும் பக்கத்தின் நீளம் கிடையாது. எதிர் முனையிலிருந்து அடிப்பக்கத்துக்கு நேராக, 90 டிகிரியில் இறக்கும் கோட்டின் நீளம். சில முக்கோணங்களில் அந்தக் கோடு முக்கோணத்துக்கு வெளியே விழும். அப்போதும் கணக்கு சரியாகவே வரும். தேர்வில் படத்தில் மூன்று பக்கமும் ஒரு செங்குத்துயரமும் கொடுத்திருந்தால், எந்தப் பக்கத்தின்மேல் அந்த உயரம் நிற்கிறது என்று முதலில் விரலை வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம்தான் அடிப்பக்கம்.

இணைகரத்துக்கும் நீளம் × அகலம்தானே?

நீளம் × செங்குத்துயரம். நான்கு குச்சிகளை மூலையில் ஆணி அடித்துச் சேர்த்து 10-க்கு 6 சட்டம் ஒன்று செய்துபாருங்கள். நேராக நிறுத்தினால் உள்ளே 60 சதுர அளவு. ஒரு பக்கமாகச் சாயுங்கள். குச்சிகளின் நீளம் மாறவில்லை, உள்ளே இருக்கும் இடம் குறைந்துகொண்டே வருகிறது. முழுக்கச் சாய்த்துவிட்டால் இடமே இல்லை. இந்தச் சட்டத்தை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் செய்துகாட்டுகிறேன். கீழே மனைக் கணக்கில் வரப்போகும் சிக்கல் முழுக்க இதற்குள்ளேயே இருக்கிறது.

முக்கோணத்தின் உயரத்தை அளக்க வழியில்லை, மூன்று பக்கம் மட்டும் தெரியும். என்ன செய்வது?

ஹெரான் சூத்திரம் அதற்குத்தான். மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள், அதுதான் அரைச்சுற்றளவு. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கழியுங்கள். இந்த நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்.

பக்கங்கள் 13, 14, 15 என்றால் அரைச்சுற்றளவு 21. கழித்தால் 8, 7, 6. 21 × 8 × 7 × 6 = 7056. வர்க்கமூலம் 84.

மூன்று பக்கம் முடிவானால் முக்கோணம் முடிவாகிவிடும், அதைச் சாய்க்க முடியாது. அதனால்தான் நில அளவைக்காரர்கள் எல்லாவற்றையும் முக்கோணமாகப் பிரிக்கிறார்கள். 1802-ல் வில்லியம் லாம்டன் நம் ஊர்ப் பரங்கிமலைப் பக்கம் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை அளந்து, அதன்மேல் முக்கோணத்துக்குப் பக்கத்தில் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போனதில்தான் இந்தியாவின் பெரிய நில அளவை தொடங்கியது.

மனையின் நாலு பக்கமும் நாலு அளவு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுத்துப் பெருக்கச் சொல்கிறார்கள். சரியா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். தெருப்பக்கம் 24 அடி, பின்பக்கம் 26 அடி. ஒரு பக்கச் சுவர் 45 அடி, மறுபக்கச் சுவர் 55 அடி. ஊரில் போடும் கணக்கு இப்படி: முன்னும் பின்னும் கூட்டிப் பாதி 25, பக்கச் சுவர்கள் கூட்டிப் பாதி 50. 25 × 50 = 1250 சதுர அடி.

இப்போது டேப்பை மூலைக்கு மூலை பிடியுங்கள். 45 அடிச் சுவரின் பின்மூலையிலிருந்து, எதிர்ச்சுவரின் தெருமூலைக்கு. அது 51 அடி வருகிறது என்று வையுங்கள். மனை இரண்டு முக்கோணமாகப் பிரிந்துவிட்டது. முதல் முக்கோணம் 24, 45, 51. அரைச்சுற்றளவு 60. 60 × 36 × 15 × 9 = 2,91,600, வர்க்கமூலம் 540. இரண்டாவது 26, 55, 51. அரைச்சுற்றளவு 66. 66 × 40 × 11 × 15 = 4,35,600, வர்க்கமூலம் 660. இரண்டையும் கூட்டினால் 1200. ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, ஆக சரியாக அரை கிரவுண்ட்.

50 சதுர அடி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இல்லாத இடத்துக்கு 4 லட்சம். வாங்குபவர் பல வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமாக அது இருக்கலாம்.

சரி, அதே நாலு பக்க அளவுகள், ஆனால் மனை இன்னும் சாய்ந்திருந்து அந்த மூலைவிட்டம் 65 அடி வருகிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். முக்கோணங்கள் 356-ம் 703-ம் ஆகும். மொத்தம் 1059 சதுர அடிதான். பக்க அளவுகளில் ஒரு இன்ச் கூட மாறவில்லை. குச்சிச் சட்டம் சாய்ந்த கதைதான். நாலு பக்க அளவு மட்டும் தெரிந்தால் பரப்பளவு தெரியாது. ஐந்தாவதாக ஒரு மூலைவிட்டம் கட்டாயம் வேண்டும்.

சராசரி முறையில் சில சமயம் கூடவும் சில சமயம் குறையவும் வருமா? அப்படியென்றால் சரிக்குச் சரி ஆகிவிடுமே?

குறைய வரவே வராது. நான்கு மூலையும் 90 டிகிரியாக, மனை சுத்தமான செவ்வகமாக இருந்தால் மட்டும் சரியாக வரும். மற்ற எல்லா வடிவத்துக்கும் உண்மையைவிட அதிகமாகவே காட்டும். விற்பவருக்குச் சாதகமான பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது. அதனால்தான் இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள பழக்கம் இல்லை. எகிப்தின் எட்ஃபு கோயில் சுவரில் நிலக்கொடைகளைப் பொறித்திருக்கிறார்கள், அங்கேயும் இதே சராசரிக் கணக்குதான். முக்கோண நிலம் என்றால் நான்காவது பக்கத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு அதே முறையில் போட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 628-ல் எழுதிய பிரம்மகுப்தர் இந்த முறையைச் சொல்லும்போதே இது தோராயப் பரப்பு என்று தெளிவாகப் பிரித்துவிட்டு, நுட்பமான பரப்புக்கு வேறு சூத்திரம் கொடுத்தார். அந்தச் சூத்திரம் நான்கு மூலையும் ஒரே வட்டத்தில் அமரும் நாற்கரங்களுக்குப் பொருந்தும். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பே தோராயம் என்று சொல்லப்பட்ட ஒன்றை வைத்து இன்று முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சரிவகத்துக்குத் தனிச் சூத்திரம் இருக்கிறதே?

இருக்கிறது. ½ × (இணைப்பக்கங்களின் கூடுதல்) × அவற்றுக்கு இடையே உள்ள செங்குத்துத் தூரம். மேலே பார்த்த மனையை மறுபடி பாருங்கள். மூலைவிட்டம் 51 வந்ததால் 24, 45, 51 ஒரு செங்கோண முக்கோணம். 576-ம் 2025-ம் கூட்டினால் 2601, அது 51-இன் வர்க்கம். அதாவது 45-ம் 55-ம் இணையான சுவர்கள், நடுவே 24 அடி, பின்சுவர் மட்டும் சாய்ந்திருக்கிறது. ½ × 100 × 24 = 1200. இரண்டு வழியில் போட்டும் ஒரே விடை வருவது எனக்கு இன்றும் சந்தோஷம் தரும் விஷயம். பிள்ளைகளும் இப்படிச் சரிபார்க்கப் பழகட்டும்.

சர்வே ஆபீசில் கிடைக்கும் புல வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நிலத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடும், அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்தாகச் சின்னக் கோடுகள் போகும். நிலம் முழுக்க முக்கோணமாகவும் சரிவகமாகவும் துண்டாகியிருக்கும். பத்தாவது படித்தவர் யாரும் அதைக் கூட்டிப் பார்க்க முடியும்.

சாய்சதுரம், பட்டம் இரண்டுக்கும் ஒரே சூத்திரம் ஏன்?

இரண்டிலும் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும். அந்த இரண்டு மூலைவிட்டங்களையும் நீளமாகவும் அகலமாகவும் கொண்ட செவ்வகத்துக்குள் இவை சரியாகப் பாதி இடத்தை அடைக்கும். 20 இன்ச் குச்சியும் 24 இன்ச் குச்சியும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய காத்தாடிக்கு ½ × 20 × 24 = 240 சதுர இன்ச் காகிதம். ஒட்டுவதற்கு ஓரம் தனியாக விடுங்கள். மாஞ்சா நூல் சென்னையில் தடை செய்யப்பட்டது. அதைத் தொடவே வேண்டாம், பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுத்திருக்கிறது.

புள்ளிக் கோலத்தை வைத்துப் பரப்பளவு கண்டுபிடிக்கலாம் என்று மகள் சொல்கிறாள். உண்மையா?

உண்மை, மிக அழகான உண்மை. 1899-ல் கியார்க் பிக் என்ற ஆஸ்திரியக் கணிதர் கண்டது. சம இடைவெளியில் புள்ளி வைத்து, புள்ளியிலிருந்து புள்ளிக்கு நேர்க்கோடு இழுத்து ஒரு மூடிய வடிவம் வரையுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. உள்ளே முழுதாக இருக்கும் புள்ளிகளை எண்ணுங்கள். ஓரக் கோட்டின்மேல் இருக்கும் புள்ளிகளை எண்ணிப் பாதியாக்குங்கள். இரண்டையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் பரப்பளவு, நான்கு புள்ளிகளுக்கு நடுவே உள்ள சின்னச் சதுரம் ஒன்று என்ற கணக்கில்.

நடுப்புள்ளியிலிருந்து நாலு திசையிலும் இரண்டாவது புள்ளியைத் தொடும் சாய்சதுரம் போட்டுப் பாருங்கள். உள்ளே 5 புள்ளி, ஓரத்தில் 8. ஆக 5 + 4 − 1 = 8. மூலைவிட்டச் சூத்திரத்தில் ½ × 4 × 4, அதுவும் 8. எவ்வளவு கோணல்மாணலான வடிவமாக இருந்தாலும் இது வேலை செய்யும். ஏன் வேலை செய்கிறது என்று மகளையே யோசிக்கச் சொல்லுங்கள். விடுமுறைக்கு ஏற்ற நல்ல கேள்வி.

வட்டத்தின் பரப்பு ஏன் பை × ஆரம் × ஆரம்?

காகித வட்டத்தை 16 சமத் துண்டுகளாக நடுவிலிருந்து வெட்டி, ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது கவிழ்ந்தும் வரிசையாக வையுங்கள். கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் உருவாகும். துண்டுகளை இன்னும் மெல்லிசாக வெட்ட வெட்ட அது நல்ல செவ்வகமாகும். அதன் நீளம் வட்டச் சுற்றளவில் பாதி, அகலம் ஆரம். சுற்றளவில் பாதி என்பது பை × ஆரம். எனவே பை × ஆரம் × ஆரம்.

விட்டத்தில் பாதியையும் சுற்றளவில் பாதியையும் பெருக்கு என்று பழைய தமிழ்க் கணக்கில் ஒரு விதி உண்டு. மேலே சொன்ன செவ்வகம் அதேதான். அதில் பை என்ற எண்ணே வரவில்லை பாருங்கள். நூலும் டேப்பும் இருந்தால் போதும்.

கிணற்று உறை, தண்ணீர்த் தொட்டி போன்றவற்றில் நடு எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். சுற்றி நூலைக் கட்டிச் சுற்றளவை அளங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 12.57-ஆல், அதாவது 4 × பையால் வகுங்கள். சுற்றளவு 22 அடி என்றால் 484 ÷ 12.57 = 38.5 சதுர அடி.

22/7 போடுவதா, 3.14 போடுவதா?

ஆரமோ விட்டமோ 7-ஆல் வகுபட்டால் 22/7, இல்லையென்றால் 3.14. கேள்வித்தாளில் எது கொடுத்திருக்கிறதோ அதையே பயன்படுத்துங்கள். 22/7 உண்மையான பையைவிடச் சற்றுக் கூடுதல், 3.14 சற்றுக் குறைவு. வீட்டு வேலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அரை இன்ச் பைப் இரண்டு போட்டால் ஒரு இன்ச் பைப்புக்குச் சமமா?

இல்லை, நான்கு வேண்டும். விட்டம் இரண்டு மடங்கானால் வாயின் பரப்பு நான்கு மடங்கு. சின்னப் பைப்பில் தண்ணீர் சுவரோடு உராய்வதும் அதிகம் என்பதால், நான்கு போட்டாலும் ஒரு இன்ச் பைப்பில் வரும் அளவுக்கு வராது. மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று இரண்டாவது பைப் இழுக்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கேரம் போர்டில் இருந்து ஒரு கணக்கு சொல்லுங்களேன்?

வட சென்னையில் இதைக் கேட்காத வகுப்பு இல்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் புது வண்ணாரப்பேட்டைப் பெண் ஆயிற்றே.

போட்டிப் போர்டின் ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம். 74 × 74 = 5476 சதுர செ.மீ. பாக்கெட்டின் விட்டம் 4.45 செ.மீ., ஒன்றின் பரப்பு 15.5-க்குச் சற்று மேல். நான்கும் சேர்ந்து 62. மொத்தப் போர்டில் நூற்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த ஒரு பங்கை நோக்கித்தான் எல்லாரும் குறி வைக்கிறார்கள்.

காயின் விட்டம் அதிகபட்சம் 3.18 செ.மீ., பரப்பு 7.94. பாக்கெட்டின் விட்டம் காயின் விட்டத்தைப்போல 1.4 மடங்குதான், பரப்போ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 1.4-ஐ 1.4-ஆல் பெருக்கிப் பாருங்கள், காரணம் புரிந்துவிடும்.

கிரவுண்ட், சென்ட், சதுர மீட்டர்... எதை எதற்கு மாற்றுவது?

ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. 40-க்கு 60 மனை. பழைய கணக்கில் 24 மனை ஒரு காணி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர். இந்த 435.6 என்ற விநோத எண் 66 அடி நீளமுள்ள நில அளவைச் சங்கிலியிலிருந்து வந்தது. 66 × 66 = 4356, அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஒரு கிரவுண்ட் ஐந்தரை சென்ட்டுக்குச் சற்று அதிகம். கட்டட வேலையில் மேஸ்திரி "பத்து சதுரம்" என்றால் 1000 சதுர அடி, அங்கே ஒரு சதுரம் 100 சதுர அடி.

மீட்டர்தான் பலரை ஏமாற்றும். ஒரு மீட்டர் 3.28 அடி என்பது தெரியும். ஆனால் சதுர மீட்டரைச் சதுர அடியாக்க 3.28-ஆல் ஒருமுறை பெருக்கினால் போதாது, இரண்டுமுறை பெருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. அரை கிரவுண்ட் என்றால் சுமார் 111.5 சதுர மீட்டர். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருந்தால், ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 100 ஏர் ஒரு ஹெக்டேர்.

வியாசர்பாடிப் பையன்களுக்கு நான் கொடுக்கும் கணக்கு: 105 மீட்டருக்கு 68 மீட்டர் கால்பந்து மைதானம் எத்தனை கிரவுண்ட்? 7140 சதுர மீட்டர், சுமார் 76,850 சதுர அடி. 2400-ஆல் வகுத்தால் 32 கிரவுண்ட். தெருவில் ஆடிப் பழகிய பிள்ளைகள் அந்த விடையைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

டைல்ஸ் எத்தனை பெட்டி வாங்குவது? பெயிண்டிங்குக்கு எப்படி அளப்பது?

இரண்டுக்கு இரண்டு என்று விற்பது 60 செ.மீ. டைல், முழு இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. பெரும்பாலும் ஒரு பெட்டியில் 4 இருக்கும், 15.5 சதுர அடி பிடிக்கும். 12-க்கு 10 அறை 120 சதுர அடி. வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 132. 15.5-ஆல் வகுத்தால் எட்டரை, எனவே 9 பெட்டி. மீதியைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் ஒரு டைல் உடைந்தால் அதே நிறம் கிடைக்காது.

பெயிண்டிங்குக்கு அறையின் சுற்றளவை உயரத்தால் பெருக்குங்கள். இதே அறை 10 அடி உயரம் என்றால் 44 × 10 = 440. 7-க்கு 3 கதவு 21, 4-க்கு 4 ஜன்னல் 16. கழித்தால் 403. மேல்தளம் 120 சேர்ந்து 523. கதவு ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பதை வேலை ஆரம்பிக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஷீட் கூரைக்குச் சாய்வு நீளத்தை அளக்க வேண்டும். ஆனால் 10 அடிக்கு 2 அடி சரிவு கொடுத்தால் சாய்வு நீளம் 10.2 அடிதான். ஒரு ஷீட் அடுத்த ஷீட்டின்மேல் ஏறும் பகுதிதான் கணக்கை அதிகம் ஏற்றும்.

பிளாட் 900 சதுர அடி என்றார்கள். உள்ளே அளந்தால் அவ்வளவு இல்லை. ஏன்?

முதலில் சுவர். வெளிப்பக்கம் 20-க்கு 45 என்றால் 900. சுற்றிலும் 9 இன்ச் சுவர் இருந்தால் நீளத்திலும் அகலத்திலும் ஒன்றரை ஒன்றரை அடி போய்விடும். உள்ளே 18.5 × 43.5 = 805-க்கும் சற்றுக் குறைவு. சுவரே 95 சதுர அடியைத் தின்கிறது. அதற்குமேல் படிக்கட்டு, லிஃப்ட், வராண்டா ஆகியவற்றில் உங்கள் பங்கையும் சேர்த்துச் சொல்வார்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி கார்ப்பெட் ஏரியா என்பது நாம் புழங்கும் தரை. உள்தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி சேராது. ஒப்பந்தத்தில் அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

மனைக்குள் வீடு இருக்கிறது, மூலைவிட்டம் அளக்க டேப் போகாது. அப்போது?

ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு சுவரில் 6 அடி, மற்றதில் 8 அடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே அளங்கள். 10 அடி வந்தால் அந்த மூலை சரியான 90 டிகிரி. கொத்தனார்கள் மூலை மட்டம் பார்க்கும் அதே முறை. அப்போது மூலைவிட்டத்தை அளக்கவே வேண்டாம், கணக்கில் வந்துவிடும். நம் மனையில் 24-ம் 55-ம் சேரும் மூலை அப்படி இருந்தால் 576 + 3025 = 3601, வர்க்கமூலம் கிட்டத்தட்ட 60 அடி. முன்பு 51 வந்தது மற்ற மூலைவிட்டம்.

10 வரவில்லையா? வந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஒரு அடிக்கு அரை செ.மீ. வீதம் அந்த மூலையை 6, 8, நீங்கள் அளந்த எண் என்ற முக்கோணமாகக் காம்பஸ் வைத்து வரையுங்கள். மூலையிலிருந்து கிளம்பும் இரண்டு கோடுகளையும் அந்தந்தச் சுவரின் முழு நீளத்துக்கு நீட்டினால் மூலைவிட்டத்தை ஸ்கேலில் படிக்கலாம். 55 அடிச் சுவர் கூட 27.5 செ.மீ.தான், ஒரு ஏ4 தாளில் அடங்கும். இடம் இருந்தால் 6, 8-க்குப் பதில் 9, 12 குறியுங்கள், அப்போது 10-க்குப் பதில் 15 வர வேண்டும். சின்ன முக்கோணத்தில் அரை இன்ச் தவறினாலும் 55 அடி தள்ளி அது பெரிதாகத் தெரியும். முடிந்தால் எதிர் மூலையிலும் இதையே செய்து, அதே மூலைவிட்டம் வருகிறதா என்று பாருங்கள்.

எல்லைத் தகராறு என்றால் நம் கணக்கு செல்லாது, முறைப்படி மனு கொடுத்து அரசு சர்வேயரை அளக்கச் சொல்ல வேண்டும். அவர் வரும் நாளில் உங்கள் தாள் கையில் இருக்கட்டும். நாலு பக்கம், ஒரு மூலைவிட்டம், எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு என்ற குறிப்பு ஆகியவை அதில் இருந்தால், அவர் சொல்லும் அளவோடு அங்கேயே ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் கேட்கலாம்.